சித்திரப் பாடமும் சூழலறிவும்: பழனிமலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

பள்ளிக்கூடத்தில் சித்திரம் பயிலும் மாணாக்கன் கையால் வரையக் கற்றுக்கொண்டால் போதுமா, அல்லது தான் வரைவதையும் பிறர் வரைந்ததையும் நின்று ஆராய்ந்து, அது எக்காலத்தில், எவ்விடத்தில், யாருடைய பொருட்டு, என்ன நோக்கத்தோடு தோன்றியது என்று விசாரித்து, அதன் தகுதியை நிர்ணயிக்கவும் கற்க வேண்டுமா என்ற வினாவுக்கு, 150 ஆண்டுகளுக்கு மேலாகவே கல்வியாளர் ஒருவருக்கொருவர் முரணான விடைகளைச் சொல்லி வந்திருக்கின்றனர். இன்று உலகின் பெரும்பாலான பாடத்திட்டங்கள் விமர்சன நோக்கும் சூழலறிவும் சித்திரக் கல்வியின் இன்றியமையாத அங்கங்கள் என்று எழுதி வைத்திருந்தாலும், அவ்வறிவு மாணாக்கனிடம் எவ்வாறு உண்டாகிறது, உண்டாயிற்று என்பதை எதைக் கொண்டு அறிவது என்னும் இரு செய்திகளில் கருத்தொற்றுமை ஏற்பட்டதாகக் கூற முடியாது.

இவ்வினா மேல்நாட்டினின்றும் நமக்கு இறக்குமதியானது என்று எண்ணுவதற்கும் இல்லை. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து முருகன் கோயிலின் சித்திரக் கூடத்தைக் காட்டுகிறது. அங்கே வந்தவர்கள் இரதி, காமன் முதலியோரின் உருவங்களையும் அகலிகையின் கதையையும் சுட்டி இன்னது யாது என்று வினவ, அறிந்தவர் விடை கூறி விளக்குகின்றனர். படத்தின் முன்னே நின்று, கூட்டமாக, வினாவும் விடையுமாக நிகழும் ரசனை அது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திர சூத்திரப் பகுதியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, விக்கிரகம் செய்யக் கற்க விரும்பும் அரசனிடம் சித்திரம் அறியாதவனுக்கு அது விளங்காது என்றும், நடனம் அறியாதவனுக்குச் சித்திரம் விளங்காது என்றும், அதற்கு வாத்தியமும் கானமும் வேண்டும் என்றும் மார்க்கண்டேயர் வாயிலாகக் கூறுகிறது. ஒரு கலையை அதன் சுற்றத்திலிருந்து பிரித்துக் கற்பிக்கலாகாது என்ற சித்தாந்தத்துக்கு இதனினும் கடுமையான வடிவத்தை எந்தப் பாடத்திட்டமும் இன்றளவும் கொடுத்ததில்லை.

பழனிமலைத் தொடரை இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. மிஷனரிமாரின் பிள்ளைகளுக்காக 1901இல் ஹைக்ளெர்க் என்ற பெயரில் தோன்றி, இன்று கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என வழங்கும் பள்ளி, 1976 முதல் சர்வதேச பக்காலோரியா பாடத்திட்டத்தை நடத்துகிறது. இந்தியாவில் அதை முதலில் மேற்கொண்டது அதுவே. அதற்குச் சில மைல் தொலைவுக்குள் மத்திய வாரியப் (சி.பி.எஸ்.இ.) பாடத்தைப் பின்பற்றும் பள்ளிகளும், டிராயிங் மாஸ்டர் வாரத்தில் சில வேளை மட்டுமே வந்துபோகும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. ஆக, உலகில் இவ்வினாவுக்குச் சொல்லப்பட்ட விடைகளில் பெரும்பாலானவை ஒரே மலையின்மேல் ஏதோ ஒரு ரூபத்தில் நடைமுறையில் இருக்கின்றன.

கையும் கண்ணும்

காலத்தால் முந்திய விடை, சித்திரம் என்பது கையையும் கண்ணையும் பழக்கும் பயிற்சி என்பதே. அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளி, சில ஆண்டுகளில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்து கைத்தொழிற் பள்ளியாக வளர்ந்தது. லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுக்கப்பட்ட முறை இந்தியா முழுவதிலும் இத்தகைய பள்ளிகளின் வழியாகப் பரவிற்று. நேர்கோடு, வளைகோடு, க்ஷேத்திர கணித உருவம், சுதை வார்ப்பு, மாதிரிப் பொருள் என்று படிப்படியாக ஏறும் அம்முறையின் வாரிசாகவே, தமிழ்நாட்டில் இன்றும் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகளில் நடக்கும் அரசு தொழில்நுட்பச் சித்திரத் தேர்வுகளைக் கருதலாம். அத்தேர்வுகளைத் தேறியவர்களே நெடுங்காலமாக நம் பள்ளிகளில் சித்திர உபாத்தியாயர்களாக அமர்ந்து வந்திருக்கின்றனர்.

இம்முறையின் குறை வெளிப்படை. குடத்தை ஏன் வரைகிறோம் என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை. குடம் யாரால் எதற்காக வனையப்பட்டது என்பது அங்கே பாடமும் அன்று. ஆயினும் இதை ஒரேயடியாக இகழ்ந்துவிடும் இக்காலத்தவரோடு உடன்பட முடியவில்லை. 1899இல் நிறுவப்பட்ட கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் நூற்றாண்டுக்கும் மேலாக, சூரியனின் கரும்புள்ளிகளையும் இழைகளையும் விளிம்பில் எழும் சுடர்களையும், அட்ச தீர்க்க ரேகைகள் இட்ட வட்டத் தாள்களில், வெவ்வேறு வண்ணத்தில் கையாலேயே குறித்து வந்தனர். செண்பகனூரில் 1895இல் எழுந்த இயேசு சபையாரின் திருஇருதயக் கல்லூரியில் வாழ்ந்த லூயி ஆங்லேடு பாதிரியார், பழனிமலைச் செடிகொடிகளை இதழ், காம்பு, நரம்பு என்று உறுப்பு உறுப்பாகத் தீட்டினார். இவை இரண்டும் கைப்பயிற்சி நெறியின் உச்சங்கள். ஆனால் இவற்றை வரைந்தவர் எவரும் காரணம் அறியாது வரைந்தவர் அல்லர். ஒரு கோடு பிறழ்ந்தால் எந்த அளவு பொய்யாகும், எந்தச் செடி எதுவாக மயங்கிப் போகும் என்று அறிந்தவர்கள். பள்ளிக்கூடம் அப்பயிற்சியிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டு பிரயோஜனத்தைக் கீழே போட்டுவிட்டது என்பதே உண்மையாகலாம். அங்ஙனமாயின் குற்றம் துல்லியமாக வரையச் சொன்னதில் இல்லை.

குழந்தையின் சிருஷ்டி

இதற்கு எதிராக எழுந்த இரண்டாம் விடை, குழந்தை சுபாவத்திலேயே சிருஷ்டிகர்த்தா என்றும், ஆசிரியனின் வேலை விலகி நிற்பது என்றும் கூறுவது. வியன்னாவில் பிரான்ஸ் சிசேக் 1897இல் தொடங்கிய சிறுவர் கலை வகுப்பு இதன் ஊற்று. ஹெர்பர்ட் ரீட் 1943இலும், விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலும் வெளியிட்ட நூல்கள் இதற்குத் தத்துவமும் மனோதத்துவமும் அளித்தன. பிறர் படத்தைப் பார்த்து எழுதுவது குழந்தையின் தன்னம்பிக்கையைக் கெடுக்கும் விஷம் என்றே லோவன்ஃபெல்ட் கருதினார். இந்தியாவில் 1919இல் சாந்திநிகேதனத்தில் அமைந்த கலாபவனத்தின் காற்றிலும், அங்கே பயின்று சேவாகிராமத்தில் குழந்தைகளுக்குக் கற்பித்த தேவி பிரசாத்தின் எழுத்திலும் இந்நெறியின் மணம் உண்டு. ஆனால் அவர்கள் அதைக் கைத்தொழிலோடும் பருவ விழாக்களோடும் இணைத்துப் பக்குவப்படுத்தினர்.

இந்நெறியின் ஆதாரமான எண்ணத்தையே பிரெண்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு அசைத்துவிட்டது. சிறுவர் தாமாக வரையும் படங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் ஏறக்குறைய ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு மூலம் உண்டு என்றும், அது பெரும்பாலும் சித்திரக் கதைகளிலும் பிற குழந்தைகளின் படங்களிலும் இருக்கிறது என்றும் அவர்கள் எடுத்துக்காட்டினர். தமிழ்நாட்டுப் பள்ளி நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியவர்களுக்கு இது புதுமை அன்று: சினிமா நாயகனின் முகம், காலண்டர் முருகன், இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன், அதன் கீழே ஓர் ஓடை, ஒரு குடிசை. மெய்யான மலையின்மேல் வாழும் பிள்ளைகளும் ஒரு வேளை அந்த முக்கோண மலைகளையே வரைவார்களாயின் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. குழந்தை ஏற்கெனவே பரம்பரை ஒன்றுக்குள் நின்றுதான் வரைகிறது. ஆசிரியன் விலகி நின்றால், அந்தப் பரம்பரையைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறது.

விமர்சனம் பாடமாதல்

மூன்றாம் விடை சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் உருப்பெற்றது. எட்மண்ட் ஃபெல்ட்மன் ஒரு கலைப்பொருளை அணுகுவதற்கு வருணனை, பகுப்பு, பொருள்கோடல், தீர்ப்பு என்ற நான்கு படிகளை வகுத்தார். அமெரிக்காவில் கெட்டி அறக்கட்டளையின் கலைக்கல்வி மையம் 1982 முதல் ஆதரித்த இயக்கம், ஆக்கம், சரித்திரம், விமர்சனம், அழகியல் ஆகிய நான்கு துறைகளையும் பள்ளியில் ஒருசேரக் கற்பிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் ராட் டெய்லர் தலைமையில் 1981 முதல் 1984 வரை நடந்த ஆய்வுத் திட்டம், மாணாக்கரை மூலப் படைப்புகளின் முன்னே கொண்டு நிறுத்துவதையே வற்புறுத்திற்று. அதன் பயனை 1988இல் முதன்முதல் நடந்த ஜி.சி.எஸ்.இ. தேர்வின் கலைப்பாடத்தில் காணலாம். வரைவதோடு, வரைந்ததன் மூலங்களை விமர்சன நோக்கில் அறிந்ததற்கும் மதிப்பெண் உண்டு என்பது அதன்பின் வழக்கமாயிற்று.

இந்நெறியின் தத்துவத்தில் பிழை காண்பது அரிது. நடைமுறையிலோ அது வெகு சீக்கிரத்தில் சூத்திரமாகச் சுருங்கியது. பள்ளிக்கென்றே ஒரு கலைநடை உண்டு, அது வெளியுலகின் எந்தக் கலையையும் ஒத்ததன்று என்று ஆர்தர் எஃப்லண்ட் 1976இலேயே எச்சரித்திருந்தார். ஓர் ஓவியரின் ஜீவிய சரித்திரத்தை ஒரு பக்கம் பெயர்த்தெழுதி, அவருடைய படம் ஒன்றை நகல் செய்து, அருகே இரண்டு வரி ‘அபிப்பிராயம்’ சேர்த்துவிட்டால் சூழலறிவு நிறைவேறியது என்று கொள்ளும் வழக்கம் அந்நடையின் புதிய அவதாரமாயிற்று. 2004இல் இங்கிலாந்தின் தேசியக் கல்வி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள பள்ளிகள் எடுத்தாண்ட உதாரணங்களில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஐரோப்பிய ஓவியரே மிகுந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது.

நம் மத்திய வாரியப் பாடத்தில் நோய் வேறு விதம். மேல்நிலை வகுப்புகளின் ஓவியப் பாடத்தில் 30 மதிப்பெண் இந்தியக் கலைச் சரித்திரத்துக்கும், 70 மதிப்பெண் செய்முறைக்கும் உரியவை. 12ஆம் வகுப்பு மாணாக்கன் ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காணச் சிற்றோவியங்களையும் வங்காளப் பள்ளியையும் கற்றுத் தேர்வெழுதுகிறான். பிறகு செய்முறைத் தேர்வில் குடத்தையும் துணிமடிப்பையும் பழத்தையும் மேல்நாட்டு ஒளிநிழல் முறையில் வரைகிறான். சிற்றோவியத்தில் ஒரே தளத்தில் பல கோணங்கள் நிற்கும் விதம் அவனுடைய சொந்தப் படத்தை எங்கேனும் தொட்டதா என்று கேட்பதற்கு அத்தேர்வில் வழியில்லை. இரண்டு நல்ல பாடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன, அவற்றிடையே பாலம் இல்லை.

மண்ணிலிருந்து தொடங்குவோர்

நான்காம் விடை நம் நாட்டில்தான் ஆழமாகச் சிந்திக்கப்பட்டது. 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஹாவெல், சுதை வார்ப்புகளை விட்டு இந்நாட்டுக் கைவினையை நோக்கித் திரும்பினார். இலங்கையில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, உபயோகத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் பிரித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பொருளை அழகென்று மட்டும் ரசிப்பது பாதி அறிவே என்று வாழ்நாள் முழுதும் வாதித்தார். 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வி, கைத்தொழிலையே எல்லாப் பாடங்களுக்கும் நடுநாயகமாக்கிற்று. பழனிமலைக்குக் கிழக்கே, சிறுமலையின் அடிவாரத்தில், 1947இல் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அந்தக் கல்வியின் தென்னாட்டு நிலையங்களுள் ஒன்று. சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் தீட்டிய சொல்லும் குறியும் வரிசை ஓவியங்களில், ஜாதகக் கட்டங்களும் ஏட்டெழுத்தின் சாயலும் நவீன ஓவியத்துக்குள் நுழைந்தன. சூழலறிவு வெறும் விளக்கவுரையாக நில்லாமல் வடிவத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு அவை நல்ல சான்று.

தமிழ் இலக்கணமும் இங்கே ஒரு கருவியை நீட்டுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; தெய்வம், மரம், விலங்கு, தொழில், பறை முதலியன கருப்பொருள்; மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த முறையைச் சித்திரத்துக்குப் பொருத்திப் பார்க்க எந்த ஆசிரியனுக்கும் ஆசை எழும். குறிஞ்சி நிலத்திலேயே பள்ளி இருக்கும்போது அவ்வாசை இயல்பானது. ஆனால் அது பாட்டுக்கு வகுத்த இலக்கணம். அதைப் படத்தின்மேல் வைத்து அழுத்தினால், ஃபெல்ட்மனின் நான்கு படிகளைப் போலவே இதுவும் கட்டம் நிரப்பும் வேலையாகிவிடும்.

இந்நெறியின் பலவீனம் ‘நமது’ என்பதைச் சுலபமாக வரையறுத்துவிடுவது. கோடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் காட்டிலும் மண்ணோடு ஒன்றிய பெயர் வேறு இருக்க முடியாது; அதைக் கட்டுவித்ததாகச் சொல்லப்படுபவரோ, ஐரோப்பிய வமிசத்தில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவிய, இலங்கைப் பொன்னம்பலம் இராமநாதரின் மனைவியான லீலாவதி அம்மையார். 1845 முதல் அமெரிக்க மதுரை மிஷனார் குடியேறி அமைத்த ஊர் அது. அங்கே படிக்கும் பிள்ளைகளிற் பலர் வேறு மாநிலத்தவர், வேறு நாட்டவர். பளியரும் புலையரும் இம்மலையில் அதற்கு நெடுங்காலம் முன்பே வாழ்ந்தவர்கள். இவர்களுள் யாருடைய மரபு பாடத்தின் மரபு? கைவினையைப் போற்றும் எழுத்துகளில் அக்கைவினைஞனின் சாதியும் கூலியும் பெரும்பாலும் மறைந்து போவதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது.

மலையைச் சோதனைக்களமாகக் கொண்டால்

இந்நான்கு விடைகளையும் ஒரு குறிப்பிட்ட விஷயத்தின்மேல் வைத்துப் பார்த்தால் அவற்றின் வலிமை தெரியவரும். கோடைக்கானலில் சித்திரம் பயிலும் எந்த மாணாக்கனும் என்றேனும் ஒரு நாள் ஏரியையும் அதன் கரையிலுள்ள மரங்களையும் வரைவான். கைப்பயிற்சி நெறி அவனுக்குத் தூர தரிசனத்தையும் நீரில் நிழல் விழும் விதத்தையும் கற்பிக்கும். சுயவெளிப்பாட்டு நெறி மூடுபனி அவன் உள்ளத்தில் எழுப்பும் உணர்ச்சியைத் தேடச் சொல்லும். விமர்சன நெறி ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளையோ சீன மலைக்காட்சிச் சுருளையோ கொணர்ந்து ஒப்பிடச் சொல்லும். இவை அனைத்தும் பயனுள்ளவையே. ஆனால் அந்த ஏரி 1863இல் வெரி லெவிஞ்ச் என்ற கலெக்டரின் முயற்சியால் ஓடையை மறித்துத் தேக்கப்பட்டது என்பதையும், சுற்றுலாப் பிரயாணிகள் இயற்கையின் எழில் என்று வியக்கும் பைன் தோப்பு சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டிலாகாவினர் நட்டது என்பதையும், யூகலிப்டஸும் சீகை எனப்படும் வாட்டில் மரமும் வெளிநாட்டிலிருந்து வந்து, புல்வெளிகளையும் சோலைக்காடுகளையும் விழுங்கிப் பரவின என்பதையும் அறிந்த மாணாக்கனுக்கு, அந்தக் காட்சி முன்போலத் தோன்றாது. இயற்கையை வரைகிறோம் என்று எண்ணியவன், ஒரு சரித்திரத்தின் விளைவை வரைகிறோம் என்று உணர்கிறான்.

அவ்வுணர்ச்சி அவன் படத்தில் எங்கே வெளிப்படும் என்பதுதான் நுட்பமான இடம். படத்தின் அடியில் மேற்கண்ட செய்திகளை ஒரு பத்தியாக எழுதுவது எளிது. அது மாணாக்கன் நூலகத்துக்குப் போனான் என்பதை நிரூபிக்கும். அடுத்த முறை அவன் ஏரிக்கரையை விட்டுப் பாம்பார் சோலையின் விளிம்புக்குச் சென்று அமர்கிறானா, நேர்வரிசையில் நிற்கும் பைன் மரங்களைத் தோட்டத்துப் பாத்திபோலவே வரையத் துணிகிறானா, 12 ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக 2018இல், பூத்த குறிஞ்சிப் புதர் நின்ற புல்வெளி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று ஒரு நிலப்படம் இடுகிறானா — இத்தகைய தேர்வுகளில்தான் சூழலறிவு இருப்பதாக நாம் கருதுகிறோம். செய்தி அறிவாக மாறியதா என்பதற்கு, அது அடுத்த கோட்டை மாற்றியதா என்பதைக் காட்டிலும் நம்பத்தக்க பிரமாணம் தென்படவில்லை.

ஆங்லேடு பாதிரியாரின் தாவரச் சித்திரங்களை எடுத்துக்கொள்வோம். தாவர நூலின் மரபு செடியை வெண்தாளின் நடுவே தனியே நிறுத்துவது. மண்ணும் அண்டைச் செடியும் அதைப் பறித்த கையும் படத்தில் இரா. சாஸ்திரத்துக்கு இது குணம். விமர்சன நோக்குடைய மாணாக்கன் அங்கே கேட்கக்கூடிய கேள்வி, அதே செடியின் பயனை அறிந்த பளியரின் அறிவை எந்தச் சித்திர மரபு பதிவு செய்திருக்கும் என்பது. பிரான்சு நாட்டிலிருந்து வந்த துறவி ஒருவர் ஒரு மலையை இலை இலையாகப் பார்த்துத் தீட்டிய பொறுமையை வியப்பதும், அப்பார்வையில் அடங்காதது எது என்று விசாரிப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. இரண்டையும் ஒரே மனத்தில் வைத்திருக்கப் பழகுவதே விமர்சனப் பயிற்சி. அதே பாதிரியார், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து 1928இல் இம்மலைகளின் கற்திட்டைகளைப் பற்றித் தொல்பொருள் இலாகாவின் வெளியீடாக எழுதிய நூலும் மாணாக்கருக்கு எட்டும் தூரத்தில் உள்ளது. தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் அக்கற்பலகைகளை நேரில் கண்டு, நூலிலுள்ள வரைபடத்தோடு தம் வரைபடத்தை ஒப்பிடலாம். டெய்லர் இங்கிலாந்தில் மூலப்பொருளின் முன்னே மாணாக்கரை நிறுத்த அரும்பாடு பட்டார். இங்கே மூலம் சாலையோரத்திலேயே கிடக்கிறது.

மற்றோர் உதாரணம் சற்றுச் சங்கடமானது. கோடைக்கானலில் இயங்கிய ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு வெளியே கொட்டப்பட்டிருந்தது தெரியவந்ததன் பின் 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் நியாயம் கோரி நடத்திய நெடும் போராட்டத்தின்போது, 2015இல் சோஃபியா அஷ்ரஃப் அமெரிக்க ஜனரஞ்சகப் பாட்டொன்றின் மெட்டில் ‘கோடைக்கானல் வோன்ட்’ என்ற காணொளிப் பாடலை வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. மறு ஆண்டில் கம்பெனிக்கும் முன்னாள் தொழிலாளருக்கும் உடன்பாடு ஏற்பட்டது. கடன் வாங்கிய மெட்டு, உள்ளூர் விஷயம், உலகச் செவிகள் என்று வடிவம், பயன், கலாசார முக்கியத்துவம் மூன்றையும் ஒருங்கே ஆராய இதனினும் தக்க பொருள் அம்மலையில் இல்லை. ஆயினும் பாட்டினால்தான் உடன்பாடு ஏற்பட்டது என்று மாணாக்கன் எழுதினால் ஆசிரியன் அதை அனுமதிக்கலாமா? கலைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை அளவோடு சொல்லக் கற்பிப்பது, ரசிக்கக் கற்பிப்பதை விடக் கடினம். சுற்றுலாவை நம்பி வாழும் ஊரில் இத்தகைய விஷயங்களைப் பள்ளிக்குள் அழைக்க எல்லா நிர்வாகங்களும் விரும்பும் என்றும் எதிர்பார்க்க இயலாது.

எழுத்தும் மதிப்பெண்ணும்

2016 முதல் தேர்வுக்கு வந்த பக்காலோரியா காட்சிக்கலைப் பாடத்திட்டம், மதிப்பெண்ணில் 20 சதவிகிதத்தை ஒப்பீட்டு ஆய்வுக்கும், 40ஐ வளர்ச்சிப் படிகளைக் காட்டும் தொகுப்புக்கும், 40ஐ முடிந்த படைப்புகளின் காட்சிக்கும் ஒதுக்கியது. ஒப்பீட்டில் குறைந்தது இரு கலைஞரின் மூன்று படைப்புகள், வெவ்வேறு கலாசாரச் சூழலிலிருந்து, ஆராயப்பட வேண்டியிருந்தது. உயர்நிலையில் பயில்வோர் அவ்வாராய்ச்சி தம் படைப்பை எவ்வாறு பாதித்தது என்றும் காட்ட வேண்டியிருந்தது. மத்திய வாரியப் பாடத்தில் காணாத பாலத்தை இது கட்ட முயன்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பாதிப்பைக் காட்ட வேண்டும் என்று விதித்தவுடனே, காட்டத்தக்க பாதிப்பையே மாணாக்கன் தேடுவான்: சோழச் செப்புத் திருமேனியின் வளைவு ஒன்று, ஐரோப்பிய ஓவியத்தின் நிறம் ஒன்று, இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி ஒட்டிய ஒரு படம். மெதுவாக, பல மாதங்களுக்குப் பின், வேறோர் உருவில் வெளிப்படும் பாதிப்பு பரிசோதகனின் கண்ணுக்கு எட்டாது.

அரசுப் பள்ளிகளில் பிரச்சினை இவ்வளவு நாசூக்கானதன்று. 2012இல் தமிழ்நாட்டில் சித்திரம், உடற்பயிற்சி, கைத்தொழில் முதலியவற்றுக்காக ஏறத்தாழ 16,500 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் வீதம் நியமிக்கப்பட்டனர். நிரந்தரம் வேண்டும் என்ற அவர்களுடைய கோரிக்கை அதன்பின் ஆண்டுதோறும் எழுந்தது. அரைநாளில் பல வகுப்புகளைப் பார்க்கும் ஓர் உபாத்தியாயரிடம் விமர்சன நோக்கை வளர்க்கவில்லையே என்று கேட்பது தர்மமாகாது. தேசியப் பாடத்திட்டக் கட்டமைப்பு 2005இலேயே பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்ததென்றாலும், பரிந்துரைக்கும் கால அட்டவணைக்கும் இடையே உள்ள தூரம் மலைப்பாதையைவிட நீளமாக இருக்கிறது. எனினும் ஒரு பாதி நன்மை உண்டு: மதிப்பெண் இல்லாத பாடத்தில், பரிசோதகனுக்காக எழுத வேண்டிய நிர்ப்பந்தமும் இல்லை. ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் பிள்ளைகளைப் பூம்பாறைக் கோயிலின் முன்னே அழைத்துச் சென்று, பரிபாடற் கூட்டத்தைப் போல வினாவெழுப்பச் செய்யத் தடை ஒன்றுமில்லை. பேருந்துச் செலவைத் தவிர.

தீராதவை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், நான்கு நெறிகளுள் எதுவும் தனித்து நிற்கும் வலிமை உடையதன்று என்றும், அவற்றைக் கலந்து ஒன்றாக்கும் பாடத்திட்டங்களும் எழுத்துக்கும் ஆக்கத்துக்கும் உள்ள இணைப்பில்தான் தளர்கின்றன என்றும் கூறலாம். அருகிலுள்ள பொருளிலிருந்து தொடங்குவது அவ்விணைப்பை வலுப்படுத்தும் என்பது எம் கருத்து. ஏனெனில் அங்கே மாணாக்கன் தன் சந்தேகத்தைப் புத்தகத்தில் அன்றி நேரில் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் அருகிலுள்ளதோடு நின்றுவிட்டால், தூரத்துக் கலையைக் காணும்போது மட்டுமே பிறக்கும் திகைப்பை அவன் இழப்பான். எத்தனை வயதில், எந்த விகிதத்தில் அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்வது என்பதற்குத் துணிந்த விடை கூறுவதற்கில்லை. பழங்குடியினரின் அறிவைப் பாடப்பொருளாக்கும்போது அவர்களுடைய சம்மதத்தை யார், எவ்வாறு பெறுவது என்பதும் இன்னும் ஒழுங்காகப் பேசப்படவில்லை.

இவற்றினும் குறைவாக விவாதிக்கப்பட்டது பாஷையின் பிரச்சினை. மேற்கூறிய பக்காலோரியா ஒப்பீட்டு ஆய்வை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் முதலிய அனுமதிக்கப்பட்ட பாஷைகளுள் ஒன்றில்தான் எழுத முடிந்தது. இம்மலையிலுள்ள பிற ஆங்கில வழிப் பள்ளிகளிலும் படத்தின் பக்கத்தில் எழுதும் குறிப்பு ஆங்கிலத்திலேயே அமைகிறது. வீட்டில் தமிழோ மலையாளமோ பேசும் மாணாக்கன் பழனிக் காவடியின் அலங்காரத்தை நுணுகி நோக்கி, அதன் மயிற்பீலியும் வளைவும் தூக்கிச் செல்பவனின் தோளுக்கும் நடைக்கும் ஏற்ப அமைந்ததைத் தன் படத்தில் பிழையின்றிப் பிடித்துவிட்டு, அதைப் பற்றி மூன்று தட்டையான ஆங்கில வாக்கியங்கள் எழுதினால், அவன் பெறும் குறைந்த மதிப்பெண் எதை அளந்தது? வாய்மொழியாக, தன் பாஷையில், படத்தின் எதிரே நின்று அவன் விளக்க இடமளிக்கலாம் என்று யோசனை கூறுவது எளிது; அவ்விளக்கத்தை வெவ்வேறு பரிசோதகர் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவதற்கு வழி காண்பது எளிதன்று. மத்திய வாரியத்தின் 30 மதிப்பெண்ணில் ஒரு சிறு பகுதியையேனும் இதற்கு ஒதுக்கிச் சில ஆண்டுகள் சோதித்துப் பார்த்தால், வாதங்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாத இவ்விஷயத்தில் கொஞ்சம் பிரத்தியட்சமான ஆதாரமாவது கைக்குக் கிடைக்கும்.